ஆர்டர்ல யாரு கையெழுத்துன்னு முதல்ல பாருங்க தங்கச்சி

கேள்வி: அண்ணாச்சி, என் வீட்டுக்காரரு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதி 2013ல இளநிலை உதவியாளரா வேலைக்குச் சேந்தவரு. ஆத்தங்கரைய ஒட்டி ஒரு அரசு ஆபீஸ். 2023 டிசம்பர் வெள்ளத்துல கீழ இருந்த ரெக்கார்டு ரூமுக்குள்ள தண்ணி ஏறி எல்லாம் நாசமாச்சு, இவரு பொறுப்புல இருந்த ரெண்டு ரசீது புக்கும் அதுல போயிட்டு. எங்க வீட்டுச் சுவரும் இடிஞ்சு மாமியாருக்கு கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தாங்க, அதனால 23 நாள் வேலைக்குப் போக முடியல, போன்ல சொன்னாரு, எழுதிக் கொடுக்கல. ஜனவரியில சஸ்பெண்டு, பிழைப்பூதியம் முதல் மாசம் மட்டும் வந்துச்சு, அப்புறம் வரல, ஆறு மாசம் கழிச்சு மெமோ, அப்புறம் விசாரணைன்னு ஒரே ஒரு நாள் கூப்பிட்டாங்க. இப்ப பணிநீக்கம்னு ஆர்டர் வந்துட்டு, தபால்காரர்ட்ட நான்தான் கையெழுத்து போட்டு வாங்குனேன், இன்னையோட 38 நாள். மாமியாருக்குத் தெரியாது. இவரு தினமும் டிபன் பாக்ஸ தூக்கிட்டு கிளம்பி வண்ணார்பேட்டை பக்கம் எங்கயோ உக்காந்துட்டு சாயங்காலம் வாராரு. ஒருத்தரு நாலு லட்சம் கொடுத்தா வேலைய திருப்பி வாங்கித் தாரேன்னு சொல்லுதாரு. கூட வேலை பாத்தவங்க மன்னிப்பு லெட்டர் எழுதிக் கொடுக்கச் சொல்லுதாங்க. எங்க மதினி கிராமப் பஞ்சாயத்துல மக்கள் நலப் பணியாளரா இருந்து மூணு தடவை வேலை போனவங்க, கோர்ட்டுக்குப் போனா காலம்தான் போகும்ங்காங்க. என்ன செய்யட்டும் அண்ணாச்சி? ஆர்டரையும் மத்த பேப்பரையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். (பேரு வேண்டாம், ஸ்ரீவைகுண்டம் பக்கம்)

பதில்:

தங்கச்சி, மத்தது எல்லாம் அப்புறம், முதல்ல நாள் கணக்க பாப்போம். உங்க வீட்டுக்காரருக்கு அப்பீல் போட ரெண்டு மாசம்தான் டைம், அது ஆர்டர்ல போட்டிருக்க தேதியில இருந்து இல்ல, நீங்க கையெழுத்து போட்டு வாங்குன அன்னையில இருந்து. 38 நாள் போயிட்டு, மிச்சம் மூணு வாரம்தான் இருக்கு. அந்தத் தபால் கவர தூரப் போட்டுராதிய, அதுல இருக்க முத்திரை தேதிதான் நாளைக்கு நமக்குச் சாட்சி, ஆர்டரோட சேத்து பின் அடிச்சு பத்திரமா வைங்க.

பாளையங்கோட்டையில நான் இத்தனை வருஷமா வக்கீலா சர்வீஸ் கேஸ், அதாவது அரசு ஊழியருங்க வேலை சம்பந்தமான கேஸ் பாக்கேன், என்கிட்ட வாரவங்கள்ல பாதிப் பேரு இந்த ரெண்டு மாசத்த அழுதே கழிச்சிட்டு வாரவங்கதான். யாராவது ஒரு கட்சிக்காரரப் பாக்கப் போவாங்க, சென்னையில தெரிஞ்ச ஆளு இருக்காருன்னு அலைவாங்க, திருச்செந்தூருக்கு நடந்து போவாங்க, போகட்டும், சாமி கும்பிடுங்க, ஆனா அப்பீல போட்டுட்டுப் போங்க. வீட்டுல சொல்லாம டிபன் பாக்ஸோட கிளம்புற மனுஷனையும் எனக்குத் தெரியும், உங்க லெட்டர்ல அந்த வரிய வாசிச்சதும் எனக்கு ரொம்ப நேரம் வேற வேலை ஓடல. அவரு தப்பு பண்ணுன மாதிரி ஒளியுதாரு. அவரு தப்பு பண்ணுனாரா இல்லையான்னு இன்னும் யாருமே சட்டப்படி விசாரிக்கலங்கேன், அதத்தான் கீழ விளக்கமா சொல்லப் போறேன்.

எல்லாரும் வந்ததும் "சார், நான் நிரபராதி"ன்னு ஆரம்பிப்பாங்க. அது நியாயம்தான், ஆனா ஹைகோர்ட்டு அத இரண்டாவதாத்தான் கேக்கும், சில சமயம் கேக்கவே கேக்காது. சாட்சியத்த திரும்ப எடை போட்டுப் பாக்க கோர்ட்டு ஒரு அப்பீல் அதிகாரி இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டு 1995லயே பி.சி. சதுர்வேதி கேஸ்ல தெளிவா சொல்லிட்டு. கோர்ட்டு பாக்கிறது என்னன்னா, இந்த மனுஷன எந்த வழியில வெளிய அனுப்புனிய, அனுப்ப உங்களுக்கு அதிகாரம் இருந்துச்சா, அவரு பேச்ச கேட்டியளா, கேட்டு எழுதுனது எங்க, தப்புக்கு ஏத்த தண்டனையா. அதனால நான் உங்க போட்டோ எல்லாத்தையும் அந்தக் கண்ணோடதான் பெருசாக்கி பெருசாக்கி பாத்தேன், நாலு இடத்துல நின்னுட்டேன்.

முதல் இடம், கையெழுத்து. 2013ல வந்த பணி நியமன ஆர்டர்ல கீழ இணை இயக்குநர்னு கையெழுத்து இருக்கு. இப்ப வந்த பணிநீக்க ஆர்டர்ல உதவி இயக்குநர்னு இருக்கு. தங்கச்சி, இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இந்திய அரசியல் சட்டம் 311வது பிரிவு முதல் உட்பிரிவு சொல்லுதது இதத்தான், அரசுப் பணியில இருக்கவர வேலைக்கு எடுத்த அதிகாரிக்குக் கீழ உள்ள ஒரு அதிகாரி டிஸ்மிஸ் பண்ணவோ நீக்கவோ முடியாது. இது வெள்ளைக்காரன் காலத்து 1935 சட்டத்துலயே 240வது பிரிவா இருந்த பாதுகாப்பு. மேல உள்ளவரு பண்ணலாம், சம பதவியில உள்ளவரு பண்ணலாம், கீழ உள்ளவரு பண்ணுனா அந்த ஆர்டர் செல்லாது. ஆபீஸ்ல என்ன பதில் சொல்லுவாங்கன்னும் எனக்குத் தெரியும், "இப்ப இளநிலை உதவியாளர நியமிக்க அதிகாரத்த உதவி இயக்குநருக்கு மாத்திக் கொடுத்தாச்சு"ம்பாங்க. அதுக்கும் சுப்ரீம் கோர்ட்டு 1979ல கிருஷ்ண குமார் கேஸ்ல பதில் சொல்லிட்டு, ரயில்வேயில வேலை பாத்த ஒருத்தரோட கேஸ் அது, வேலையில சேந்த அன்னைக்கு யாரு நியமிச்சாங்கங்கதுதான் கணக்கு, பின்னால அதிகாரத்த கீழ உள்ளவருக்கு கொடுத்தாலும் அவரு நியமிச்ச அதிகாரி ஆயிர மாட்டாரு. உங்க வீட்டுக்காரரோட சர்வீஸ் புக்ல முதல் பக்கத்துலயும் நியமன ஆர்டர் நம்பரும் தேதியும் எழுதியிருக்கும், அதையும் நகல் வாங்கணும், போட்டோவுல நான் பாத்தது சரிதானான்னு ஒரிஜினல பாத்துத்தான் உறுதியா சொல்லுவேன்.

இரண்டாவது இடம்தான் எனக்கு ஆத்திரம் வந்த இடம். விசாரணைன்னு சொல்லி ஒரு பக்கம் பேப்பர் இருக்குல்லா, அத நல்லா பாருங்க. எட்டு கேள்வி. எட்டையும் விசாரணை அதிகாரியே கேட்டிருக்காரு, பதில அவரே டைப் அடிக்க வச்சிருக்காரு. ஏழாவது கேள்வி, "மேற்படி ரசீது புத்தகங்கள் தங்கள் பொறுப்பில் இருந்தனவா?", பதில், "ஆம்." எட்டாவது, "வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?", பதில், "இல்லை." கீழ உங்க வீட்டுக்காரர் கையெழுத்து, பேனா நடுங்குனது போட்டோவுலயே தெரியுது. அவ்வளவுதான் விசாரணை. துறை தரப்புல ஒரு சாட்சி கிடையாது, தண்ணி எந்த உயரத்துக்கு ஏறுச்சுன்னு பாத்த வாட்ச்மேன கூப்பிடல, சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு கேக்கல, புக் காணாம போனதுக்கு ஒரு மகஜர் (இடத்தப் பாத்து சாட்சி வச்சு எழுதுற குறிப்பு) கூட இல்ல.

மெமோ 17(பி)ன்னு போட்டுத்தான வந்துச்சு? தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள்னு 1955ல போட்ட விதி, அதுல 17(ஏ) சின்ன தண்டனைக்கு, 17(பி) பெரிய தண்டனைக்கு. 17(பி)ன்னா குற்றச்சாட்ட தெளிவா எழுதிக் கொடுக்கணும், அதுக்கு ஆதாரமான விவரத்த கொடுக்கணும், பதில் எழுத டைம் கொடுக்கணும், வாய்மொழி விசாரணை கேட்டா நடத்தணும், துறை சாட்சிய நம்ம ஆளு குறுக்கு விசாரணை பண்ணலாம், நம்ம சாட்சிய நாம கூப்பிடலாம். விளக்கம் கொடுத்தப்ப "எனக்கு வாய்மொழி விசாரணை வேண்டும்"னு எழுதுனாரான்னு அவர்ட்ட கேட்டு வைங்க, அந்த விளக்கத்தோட காப்பி நீங்க அனுப்புனதுல இல்ல, அது ரொம்ப முக்கியம். 2010ல சரோஜ் குமார் சின்ஹா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னது, விசாரணை அதிகாரி துறையோட ஆளு மாதிரி நடக்கக் கூடாது, எதிர்ல ஊழியரே வராட்டாலும் துறை சாட்சி வச்சு குற்றத்த நிரூபிக்கணும். அதுக்கு முன்னாலயே 2008 டிசம்பர்ல ரூப் சிங் நேகி கேஸ்ல, பேப்பர காட்டுனா மட்டும் போதாது, அந்தப் பேப்பர ஒரு சாட்சி வந்து நிரூபிக்கணும், போலீஸ் எஃப்ஐஆர் கூட தன்னால சாட்சியம் ஆயிராதுன்னு சொன்னாங்க. இங்க கேள்வி கேட்டது, பதில் எழுதுனது, தீர்ப்பு சொன்னது எல்லாம் ஒரே மேசையில ஒரே மதியத்துல முடிஞ்சிருக்கு, பதினோரு வருஷ சர்வீஸ் அந்த ஒரு பக்கத்துல போயிருக்கு.

மூணாவது, பணிநீக்க ஆர்டர்ல நாலாவது பாரா. "விசாரணை அலுவலரின் அறிக்கை கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது"ன்னு இருக்கு. யாரு பரிசீலிச்சாங்க, உதவி இயக்குநர். உங்க வீட்டுக்காரருக்கு அந்த அறிக்கை காப்பி வந்துச்சான்னு நான் கேட்டதுக்கு நீங்க "அப்படி ஒண்ணு வரவே இல்ல அண்ணாச்சி"ன்னு அனுப்பியிருக்கிய. தண்டனை போடுறதுக்கு முன்னால அந்த அறிக்கைய ஊழியருக்குக் கொடுத்து, இதுக்கு உன் பதில் என்னன்னு கேக்கணும், இது 1990 நவம்பர்ல ரம்ஜான் கான் கேஸ்ல சொல்லி, 1993ல ஈசிஐஎல் கருணாகர் கேஸ்ல அஞ்சு ஜட்ஜ் உக்காந்து உறுதி பண்ணுனது. ஆனா இதுல ஒரு விஷயத்த மறைக்காம சொல்லுதேன், அதே கருணாகர் தீர்ப்புல, அறிக்கை கொடுக்காததால ஊழியருக்கு என்ன பாதிப்புன்னு பாக்கணும், பாதிப்பு இருந்தா மட்டும்தான் ஆர்டர ரத்து பண்ணணும்னு இருக்கு, ரத்து பண்ணுனாலும் அந்தக் கட்டத்துல இருந்து திரும்ப விசாரிக்க துறைக்கு உரிமை கொடுக்கலாம்னும் இருக்கு. அதனால அப்பீல்ல வெறுமனே "காப்பி தரல"ன்னு எழுதுனா போதாது, "தந்திருந்தா நான் இன்ன இன்ன விஷயத்த சொல்லியிருப்பேன், வாட்ச்மேன கூப்பிட்டிருப்பேன், வெள்ளத்தன்னைக்கு எடுத்த போட்டோவ காட்டியிருப்பேன்"னு எழுதணும்.

வெள்ளத்துக்கு சாட்சி தேடி எங்கயும் போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் நம்ம பக்கம் என்ன நடந்துச்சுன்னு நாடே பாத்துச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலே ஜனங்களோட தண்ணிக்கு நடுவுல நின்னுச்சு, தாமிரபரணி கரைய உடைச்சு திருநெல்வேலியில ஜங்ஷன், மீனாட்சிபுரம்னு புகுந்துச்சு. நாலு மாவட்டத்துக்கு அரசே லீவு விட்டுச்சு. அந்த லீவு நாளையும் சேத்துத்தான் உங்க வீட்டுக்காரர் 23 நாள் "அனுமதியின்றி வரவில்லை"ன்னு மெமோவுல எண்ணியிருக்காங்களான்னு தேதி தேதியா பாருங்க, எனக்கு மெமோ போட்டோவுல அந்தப் பக்கம் மங்கலா இருக்கு. வேலைக்கு வரலங்க குற்றச்சாட்டுக்கு 2012ல கிருஷ்ணகாந்த் பார்மர் கேஸ் இருக்கு, வராதது மட்டும் குற்றம் இல்ல, வர முடிஞ்சும் வேணும்னே வராம இருந்தாத்தான் ஒழுங்கீனம், ஆஸ்பத்திரி, விபத்து மாதிரி அவரு கையில இல்லாத காரணம்னா அப்படிச் சொல்ல முடியாது. உங்க மாமியார் டிஸ்சார்ஜ் சம்மரி, வீடு இடிஞ்சதுக்கு விஏஓ கொடுத்த சான்று, நிவாரணம் வாங்குன பேப்பர், அன்னைக்கு அவரு அதிகாரிக்குப் பேசுன போன் நம்பர் லிஸ்ட், எல்லாத்தையும் எடுத்து வைங்க. எழுதிக் கொடுக்காதது தப்புதான், அத ஒத்துக்கிடுவோம், ஆனா அதுக்கு இந்தத் தண்டனையா? ரசீது புக் போனதுலயும் அவருக்குக் கவனக்குறைவுன்னு ஒருவேளை முடிவானா, அதுக்குன்னு இன்கிரிமென்ட் நிறுத்தம், நஷ்டத்த பிடிக்கிறதுன்னு அதே விதியில எத்தனையோ தண்டனை இருக்கு. தண்டனை மனசாட்சிய உலுக்குற மாதிரி அதிகமா இருந்தா கோர்ட்டு தலையிடும். புக்ல எழுதுன பணம் பூரா கருவூலத்துல கட்டியிருக்குன்னு சலான் இருந்தா நமக்கு பெரிய பலம், சலான் காப்பி கருவூலத்துல இருக்கும், வெள்ளத்துல போயிருக்காது.

நாலாவது, சஸ்பெண்டு காலம். ஜனவரியில சஸ்பெண்டு பண்ணி ஆறு மாசம் மெமோ தரல. 2015ல அஜய் குமார் சவுத்ரி கேஸ்ல, மூணு மாசத்துக்குள்ள குற்றச்சாட்டு மெமோ கொடுக்காம சஸ்பெண்ட இழுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு. அத வச்சு மட்டும் இப்ப கடைசி ஆர்டர உடைக்க முடியாது, ஆனா நீங்க எழுதியிருக்கிய பாருங்க, பிழைப்பூதியம் முதல் மாசம் மட்டும் வந்துச்சு, அப்புறம் வரலன்னு, அது பெரிய விஷயம். சஸ்பெண்டுல இருக்கவருக்கு ஆரம்பத்துல பாதிச் சம்பள அளவுக்காவது கொடுத்தாகணும். கொடுக்காம பட்டினி போட்டுட்டு விசாரணைக்கு வான்னா அவன் எப்படி வருவான், எப்படி வாதாடுவான்னு 1999ல பால் அந்தோணி கேஸ்ல கேட்டு, அந்த விசாரணையே செல்லாதுன்னாங்க. பேங்க் பாஸ்புக்க என்ட்ரி போட்டு வாங்கி வைங்க.

இப்ப நாலு லட்சத்துக்கு வாரேன். கொடுக்காதிய. ஒரு ரூபா கொடுக்காதிய. இந்த ஆர்டர மாத்த சட்டப்படி உரிமை உள்ளது மேல்முறையீட்டு அதிகாரி, அரசு, ஹைகோர்ட்டு, வேற யாரும் கிடையாது. 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுக்கதும் குற்றம், ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. நகைய அடகு வச்சு கொடுத்துட்டு அப்பீல் டைமும் போயி என் முன்னால உக்காந்து அழுத ஒரு குடும்பத்த நான் பாத்திருக்கேன், அந்தப் புள்ளைக்கு நான் செய்ய முடிஞ்சது ரொம்பக் கொஞ்சம்.

மன்னிப்பு லெட்டரும் வேண்டாம். கூட வேலை பாக்கவங்க 2003ல நடந்தத மனசுல வச்சுச் சொல்லுதாங்கன்னு நினைக்கேன். அந்த வருஷம் ஜூலையில அரசு ஊழியர், ஆசிரியர் ஸ்டிரைக் நடந்தப்ப டெஸ்மாங்க தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்துல ஒரே அடியா லட்சத்துக்கு மேல ஆளுங்கள டிஸ்மிஸ் பண்ணுனாங்க. நான் அப்ப ஜூனியர், எங்க சீனியர் ஆபீஸ் வாசல்ல வாத்தியாருமாரும் கிளார்க்குமாரும் வரிசையா நின்னது இன்னும் கண்ணுல இருக்கு. டி.கே. ரங்கராஜன் கேஸ்னு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி, ஆகஸ்ட் 6ம் தேதி தீர்ப்பு வந்துச்சு, ஸ்டிரைக் பண்ண அடிப்படை உரிமை இல்லன்னு சொன்னாங்க, ஆனா நிபந்தனை இல்லாத மன்னிப்பும், இனி ஸ்டிரைக் பண்ண மாட்டேன்னு உறுதியும் எழுதிக் கொடுத்தவங்கள திரும்ப எடுக்க வழி பிறந்துச்சு. அது கோர்ட்டுல அரசு ஒத்துக்கிட்ட ஏற்பாடு, லட்சம் பேருக்குப் பொதுவானது. உங்க வீட்டுக்காரர் இப்ப மன்னிப்பு எழுதுனா என்ன ஆகும்னா, "ரசீது புக்க நான்தான் தொலைச்சேன், வேணும்னேதான் வேலைக்கு வரல"ன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஃபைல்ல ஏறும், மேல நான் சொன்ன நாலுல மூணு பாயின்ட் அன்னைக்கே அடிபட்டுப் போகும்.

உங்க மதினி பேச்ச நான் தள்ளிவிட மாட்டேன், அவங்க பட்டது அப்படி. 1989ல எடுத்தாங்க, 1991ல வீட்டுக்கு அனுப்புனாங்க, 1997ல எடுத்து 2001ல அனுப்பி, 2006ல எடுத்து 2011 நவம்பர்ல பதிமூவாயிரத்துக்கு மேல உள்ளவங்கள ஒரே அரசாணையில அனுப்புனாங்க, ஆட்சி மாற மாற அந்த ஜனங்க வாழ்க்கைய பந்தாடுனது பாவம். ஆனா மதினி கேஸும் உங்க கேஸும் ஒண்ணு இல்ல தங்கச்சி. அவங்க இருந்த பதவியையே கலைச்சாங்க, பதவிய கலைக்கது கொள்கை முடிவுன்னு கோர்ட்டு பெரும்பாலும் உள்ள வராது, 1980ல கர்ணம், மணியம்ங்க பழைய கிராம அதிகாரி பதவிகள எம்ஜிஆர் அரசு ஒழிச்சப்பவும் சுப்ரீம் கோர்ட்டு 1982ல அது செல்லும்னு சொல்லிட்டு. உங்க வீட்டுக்காரர் பதவி அப்படியே இருக்கு, அவர மட்டும் குற்றவாளின்னு சொல்லி வெளிய அனுப்பியிருக்காங்க. அப்படிக் குற்றம் சொல்லி அனுப்பும்போதுதான் 311 முன்னால வந்து நிக்கும். தேர்வு எழுதி நிரந்தரப் பணியிடத்துல சேந்து தகுதிகாண் பருவம் முடிச்சவரு, அவருக்கு அந்தக் காவல் முழுசா உண்டு.

இன்னொண்ணும் கவனிச்சேன், ஆர்டர்ல "பணிநீக்கம்"னு இருக்கு, "பணியறவு"ன்னு இல்ல. கேக்க ஒண்ணு மாதிரி இருக்கும், பணியறவுன்னா இனி எந்த அரசு வேலைக்கும் போக முடியாது, பணிநீக்கம்னா அந்தத் தடை கிடையாது. இதுக்காக சந்தோஷப்படச் சொல்லல, தெரிஞ்சு வச்சுக்கிடுங்க.

வழிய சொல்லுதேன். முதல்ல மேல்முறையீடு, ஆர்டர்ல கையெழுத்து போட்டவருக்கு மேல உள்ள அதிகாரிக்கு. ஆபீஸ் வழியா ஒண்ணு, நேரடியா ஸ்பீட் போஸ்ட்ல ஒண்ணு, ரசீதும் டெலிவரி ஆன விவரமும் கையில வேணும். ஆபீஸ்ல கொடுக்கும்போது தபால் பிரிவுல நம்ம காப்பியில தேதி போட்டு சீல் வாங்காம வெளிய வராதிய. "அப்பீல் எதுக்கு, நேரா மதுரை ஹைகோர்ட்டுக்குப் போயிருவோம்"னு சில வக்கீலு சொல்லுவாங்க, அதிகாரம் இல்லாதவர் போட்ட ஆர்டர், இயற்கை நீதிய மீறுன, அதாவது நம்ம பேச்ச ஒழுங்கா கேக்காம போட்ட ஆர்டர்னா நேரா ஹைகோர்ட்டுல ரிட் மனு போடலாம்தான், 1998ல வேர்ல்பூல் கேஸ்லயே அந்த வழி திறந்திருக்கு. ஆனா என் அனுபவத்துல முதல் நாளே ஜட்ஜ் கேக்க கேள்வி "அப்பீல் போட்டியா?"ங்கதுதான். அதனால டைமுக்குள்ள அப்பீல போட்டு வச்சிருவோம், அங்க இழுத்தடிச்சா, இத்தனை வாரத்துக்குள்ள முடிவு பண்ணுன்னு ஹைகோர்ட்டுல ஆர்டர் வாங்கலாம், அப்பீல தள்ளுனாங்கன்னா ரெண்டு ஆர்டரையும் சேத்து ரத்து பண்ணி வேலை கொடுன்னு கேக்கலாம். எங்க கோர்ட்டு பாஷையில அதுக்கு செர்ட்டியோரரிஃபைடு மாண்டமஸ்னு பேரு, பேரப் பாத்து பயப்பட வேண்டாம், தப்பான ஆர்டர கிழிச்சுட்டு சரியானத செய்யச் சொல்லுதது, அவ்வளவுதான்.

முன்னால அரசு ஊழியர் கேஸுக்குன்னு சென்னையில நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்துச்சு, நம்ம ஊர்ல இருந்து ராத்திரி ரயில் ஏறிப் போகணும், அத 2006ல மூடியாச்சு. இப்ப மாநில அரசு ஊழியர்னா நேரா ஹைகோர்ட்டு, நமக்கு 2004ல இருந்து மதுரை கிளை இருக்கு, மாட்டுத்தாவணியில இறங்குனா பக்கம். இத வாசிக்கவங்கள்ல தபால் ஆபீஸ், ரயில்வே மாதிரி மத்திய அரசு வேலையில இருக்கவங்க யாராவது இருந்தா உங்க வழி வேற, மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், கடைசி ஆர்டர் வந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். பஸ் கம்பெனி, மின்வாரியம், கூட்டுறவு சங்கத்துல வேலை பாக்கவங்களுக்கு 311 நேரா பொருந்தாது, அவங்கவங்க விதியும் தொழிலாளர் சட்டமும்தான், அது தனிக் கதை.

எவ்வளவு நாளாகும்னு கேக்காம விட்டுட்டிய, ஆனா நான் சொல்லணும். அப்பீல்லயே கைகூடுனா மாசக் கணக்கு, ஹைகோர்ட்டுன்னா வருஷக் கணக்கு ஆகலாம். ஜெயிச்சாலும் "திரும்ப ஒழுங்கா விசாரி"ன்னு அனுப்புற வாய்ப்பு நல்லாவே இருக்கு, அப்ப அவர சஸ்பெண்டுல வச்சுத்தான் விசாரிப்பாங்க, ஆனா பிழைப்பூதியம் வரும், இந்த வாட்டி சாட்சி வரணும், வக்கீலோ கூட வேலை பாக்கவரோ துணைக்கு வேணும்னு நாமளும் முன்கூட்டியே எழுதிக் கேப்போம்.

அதுவரைக்கும் சும்மா உக்காரணும்னு இல்ல. வேற வேலைக்குப் போனா கேஸ் போயிருமான்னு நிறையப் பேரு பயப்படுதாங்க, போகாது. பழைய சம்பள பாக்கி கேக்கும்போது, இந்தக் காலத்துல வேற நல்ல சம்பளத்துல இருந்தியான்னு கேப்பாங்க, 2013ல தீபாலி சுர்வசே கேஸ்ல, தப்பா வேலைய விட்டு அனுப்புனா சம்பள பாக்கியோட திரும்ப எடுக்கதுதான் இயல்பான விதின்னும், வேற வேலை இல்லன்னு ஊழியர் முதல்ல மனுவுல சொல்லணும், அப்புறம் இருந்துச்சுன்னு காட்ட வேண்டியது நிர்வாகத்தோட பொறுப்புன்னும் சொல்லியிருக்காங்க. ஜவுளிக்கடையில கணக்கு எழுதி கொஞ்சம் வாங்குனா அத மறைக்காம மனுவுல எழுதிருவோம். புள்ளைங்க வயிறு காயணும்னு எந்தச் சட்டமும் சொல்லல.

ஃபீஸுக்கு என்ன செய்யன்னு யோசிப்பிய. இலவச சட்ட உதவி வருமானம் குறைஞ்சவங்களுக்கு மட்டும்னு எல்லாரும் நினைக்காங்க, 1987 சட்டத்துல 12வது பிரிவுல வெள்ளத்தால பாதிக்கப்பட்டு கஷ்டத்துல இருக்கவங்களுக்கும் உரிமை உண்டுன்னு எழுதியே இருக்கு. வீடு இடிஞ்ச சான்றோட உங்க மாவட்ட கோர்ட்டு வளாகத்துல இருக்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுங்க, மதுரை கிளைக்கும் அதே மாதிரி தனிக் கமிட்டி இருக்கு.

இன்னைக்கே செய்ய வேண்டியது, ஒரு வெள்ளைத்தாள்ல ஆர்டிஐ மனு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. கேக்க வேண்டியது விசாரணை அறிக்கை, விசாரணை ஃபைல் குறிப்பு, சர்வீஸ் புக் நகல், ரெக்கார்டு ரூம்ல தண்ணி ஏறுனதப் பத்தி ஆபீஸ்ல இருந்து மேல எழுதுன லெட்டர். அந்தக் கடைசி லெட்டர் கட்டாயம் இருக்கும் தங்கச்சி, எந்த ஆபீஸும் வெள்ள சேதத்த எழுதாம நிதி கேக்க மாட்டாங்க, அதுல "ரசீது புத்தகங்கள் உட்பட ஆவணங்கள் நீரில் சேதம்"னு ஒரு வரி அவங்க கையாலயே எழுதியிருந்தா முதல் குற்றச்சாட்டு அங்கயே ஆட்டம் கண்டுரும். பதில் வர முப்பது நாள், அதுக்குள்ள அப்பீல் டைம் முடிஞ்சிரும், அதனால அப்பீல்ல "ஆவணங்கள் கேட்டுள்ளேன், கிடைத்ததும் கூடுதல் மனு தாக்கல் செய்ய அனுமதிக்கவும்"னு ஒரு பாரா சேத்துருவோம்.

மாமியார்ட்ட விஷயத்த இன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சொல்லிருங்க. அவங்க கால் முறிஞ்சு கிடந்ததுதான் நம்ம கேஸ்ல ஒரு சாட்சி, அந்த டிஸ்சார்ஜ் சம்மரி அவங்க டிரங்குப் பெட்டியிலதான் இருக்கும், தெரியாம எப்படி எடுப்பிய? நாளைக்கு காலையில மாப்பிள்ளைய டிபன் பாக்ஸோட வண்ணார்பேட்டைக்கு அனுப்பாதிய, நியமன ஆர்டரு ஒரிஜினலு, மெமோ, அவரு கொடுத்த விளக்கம், தபால் கவரு, பாஸ்புக்கு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல போட்டு பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்க, பத்து மணிக்கு முன்னால வந்தா உக்காந்து அப்பீல எழுதிரலாம்.